நெடுந்தூர நீச்சலும் உளப்பயிற்சியும்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்து ஆடி விழாவுக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் திருகோணமலையைக் கடந்து வெருகலம்பதியில் தங்கிச் செல்வதை ஈச்சிலம்பற்று மக்கள் நன்கறிவர். அவர்களுள் முதியோரும் உளர். "கதிர்காமம் இன்னும் எத்துணைத் தூரம்?" என வினவினாற் பெரும்பாலார் அதற்கு விடை கூறார், அன்றிரவு தங்குங் கோயிலின் பெயரையே கூறுவர். நெடிய முயற்சிக்கு வேண்டிய மனப்பாங்கு இதுவேயாம்.

அத்தொண்டைமானாறே மு. நவரத்தினசாமியின் ஊருமாகும். அவர் 1954ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையிற் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, அவ்வாறே நீந்தி மீண்டார். சென்று மீள 51 மணிநேரமாயிற்று. 'ஆழிக்குமரன்' என நாடு அவரை அழைத்தது.

மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பாராக. போகவர நேர்த்தூரம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். எனவே மணிக்கு ஒன்றேகால் கிலோமீற்றரும் இல்லை! மெல்ல நடப்பவனும் இதனின் விரைந்து செல்வான். 1979இற் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் அவர் 187 மணி 28 நிமிடம் துவிச்சக்கர வண்டி ஓட்டி 1,487 மைல் கடந்தார். அதுவும் மணிக்கு எட்டு மைலுக்குட்பட்ட வேகமே. நம் சிறுவர் பள்ளிக்கு அதனினுங் கடுகி ஓட்டுவர். ஆயின் எட்டாம் நாளும் ஓட்டுவாரோ?

மெதுவாகச் செல்வதற்குக் காரணம் உண்டு. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாச்சத்துக் கடுமுயற்சியில் இரண்டொரு மணிநேரத்திற் பெரிதுங் குறைந்துவிடும். உடற்கொழுப்போ பல நாளைக்குப் போதும். ஆயினும் மிதமான வேகத்திலேதான் அது பேரளவிற் பயன்படும். ஆதலின் பயில்வோன் முதலிற் கற்கவேண்டியது தன்னை அடக்குதல். தொடக்கத்தில் உடல் விரைந்து செல்ல விழையும். அதற்கு இடங்கொடுத்தவன் இரண்டாம் இரவில் வருந்துவான். அரைமணிக்கொருமுறை நீராகாரம் பருகி, அடுத்த ஆகாரம் வரையுமே நினைந்து நீந்துதல் நெடுந்தூர நீச்சற்காரர் வழக்கம். பயிற்சித் தூரத்தையுஞ் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். ஓய்வு நாளும் பயிற்சியின் பாற்பட்டதே.

2021இல் விமானப்படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர 28 மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திற் சென்று மீண்டு, ஆனந்தனின் ஐம்பதாண்டுச் சாதனையைக் கடந்தார். திருகோணமலைப் பள்ளி மாணவர் ஒருவரும் 2024இல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீந்தினார். இவற்றாற் கிளர்ச்சியுற்று இளைஞர் கடலில் இறங்குமுன் பிறிதொன்றையும் அறிதல் வேண்டும்.

ஆனந்தன் 1984 ஓகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். நம் நீரிணையின் வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. கால்வாயிலோ கோடையிலும் 15 முதல் 18 பாகையே. நீர், காற்றினும் இருபது மடங்குக்கு மேல் விரைந்து உடற்சூட்டைக் கவரும். அக்குளிரை உடலுக்குப் பழக்குதல் தனிப்பயிற்சி; மனவுறுதி அதற்கு ஈடாகாது. இந்நாளிற் கால்வாயில் இறங்க விரும்புவோர், 16 பாகைக்கு மேற்படாத நீரில் ஆறு மணிநேரம் நீந்தியதற்குச் சான்று காட்டவேண்டும்.

"நிறுத்துவதா, தொடர்வதா?" என்னும் முடிவை நீந்துவோனிடம் விடுதலுந் தகாது. குளிர் மிகுந்தால் அறிவு மங்குமாதலின் அவன் தன்னிலையைத் தானறியான். அதனாற் படகிலுள்ளோர் இடையிடையே அவனிடம் எளிய வினாக்களைக் கேட்பர். விடை குழறுமாயின், அவன் மறுத்தாலுந் தூக்கிப் படகிலேற்றுவர்.