நரைமுடியும் சாயத்தொட்டியும்

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ உள்ள ஒரு சாயப்பட்டறைக்குப் போய், கறுப்பு நூல் கட்டு ஒன்றைக் கொடுத்து, ‘இதற்கு மஞ்சள் சாயம் ஏற்றித் தாருங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். சாயம் போடுபவர் சிரிப்பார். ‘முதலில் இதை வெளுக்க வேண்டும், வெளுத்த நூலில்தான் மஞ்சள் ஏறும்’ என்பார். சாயம் நிறத்தைச் சேர்க்கும். ஏற்கனவே இருக்கும் நிறத்தை எடுக்காது. இந்த ஒரு விதி தெரிந்தால், தலைமுடிச் சாயத்தின் வேதியியலில் பாதி விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல வீடுகளின் திண்ணையில் ஒரு காட்சியைக் காணலாம். பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் குழைத்த கறுப்புச் சாயத்துடன் அப்பாவோ பெரியப்பாவோ உட்கார்ந்திருப்பார். ஆனால் வயது ஏற ஏற, கன்னங்கறுப்பு முகத்துக்குப் பொருந்தாமல் தனியாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் வெளிர்ந்த நிறமாக, பழுப்பாக இருந்தால் தேவலை என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். அது வீட்டிலேயே ஆகக்கூடிய காரியமா? இதற்கு விடை தேட, முதலில் நரைமுடி என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

சீப்பில் சிக்கிய முடிகளை எடுத்து, சிலவற்றைக் கறுப்புத் தாளிலும் சிலவற்றை வெள்ளைத் தாளிலும் வையுங்கள். உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சாம்பல் நிற முடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு தோற்றமே. கறுப்பு முடியும் வெள்ளை முடியும் கலந்து நிற்பதால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சாம்பலாகப்படுகிறது. எள்ளும் அரிசியும் கலந்து கிடந்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான்.

முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள் உள்ளன. அவற்றின் அடியில் உள்ள தடித்த பகுதி புறணி எனப்படும். முடி வேரில் உள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியைத் தயாரித்து, வளரும் முடியின் புறணிக்குள் சேர்க்கின்றன. மெலனினில் இரு வகை உண்டு. யூமெலனின் கறுப்பையும் பழுப்பையும் தரும். ஃபியோமெலனின் செம்மஞ்சளைத் தரும். நம் ஊர்க்காரர்களின் முடியில் முதல் வகையே மிகுதி. வயதாகும்போது நிறமி தயாரிக்கும் உயிரணுக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, நிறமியே இல்லாத முடி முளைக்கிறது. அதன்மேல் படும் ஒளி சிதறுவதால் அது வெண்மையாகத் தெரிகிறது. உப்புத் தூள் வெண்மையாகத் தெரிவதும் இதனால்தான்.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். நரைத்த முடி என்பது இயற்கையே வெளுத்துக் கொடுத்த நூல். அதில் எந்த வெளிர் நிறத்தையும் ஏற்றலாம். இருபது வயதுக்காரரின் கறுப்பு முடியைப் பழுப்பாக்குவதைவிட, பாட்டியின் நரையைப் பழுப்பாக்குவது எளிது!

இதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாயம் மருதாணி. அதன் இலையில் லாசோன் என்னும் சேர்மம் சுமார் ஒரு சதவீதம் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருளுடன் குழைத்துச் சில மணி நேரம் வைத்தால், லாசோன் இலையிலிருந்து நன்றாக விடுபடும். பிறகு அது கெராட்டினுடன் வேதிப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. எனவே ஒரு தலைமுழுக்கில் போய்விடுவதில்லை. வெள்ளை முடியில் ஆரஞ்சு நிறம் பளிச்சென ஏறும். கறுப்பு முடியில் இலேசான செம்மினுப்புதான் தெரியும். சந்தையில் நாம் பார்க்கும் செந்தலைப் பெரியவர்களின் இரகசியம் இதுதான்.

புரதத்தின்மேல் மருதாணிக்கு எவ்வளவு பிடிப்பு என்பதைச் சேலத்துப் பிள்ளைகள் சுலபமாகச் சோதிக்கலாம். வெண்பட்டு நூலின் கழிவுத் துண்டு ஒன்றையும், வெளுத்த பருத்தி நூல் துண்டு ஒன்றையும் மருதாணிக் குழம்பில் ஓர் இரவு ஊற வைத்துக் கழுவுங்கள். பட்டு புரதம், பருத்தியோ செல்லுலோஸ். எது அதிகமாகச் சிவக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு வேண்டாம், பழுப்பு வேண்டும் என்பவர்கள் மருதாணிக்குப் பின் அவுரி இலைத் தூளைப் பூசுகிறார்கள். அவுரியிலிருந்து வெளிவரும் நிறமற்ற பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீலமாக மாறும். ஆரஞ்சின்மேல் நீலம் படிந்தால் பழுப்பு. அவுரியை நெடுநேரம் வைத்தால் கறுப்பை நெருங்கிவிடும். ஆகவே எவ்வளவு வெளிர்ந்த நிறம் வேண்டுமோ, அவ்வளவு சீக்கிரம் கழுவ வேண்டும்.

பாத்திரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மருதாணியைத் தேயிலை அல்லது கடுக்காய்க் கஷாயத்தில் குழைத்து, இரும்புச் சட்டியில் ஊற வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். கஷாயத்திலுள்ள டானின் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மத்தை உண்டாக்கும். அந்தக் காலத்து எழுதும் மையும் இப்படித்தான் செய்யப்பட்டது. வெளிர் நிறம் வேண்டுமானால் இரும்புச் சட்டி ஆகாது. எவர்சில்வர் கிண்ணத்தில் குழைக்கலாம். அதுவும் இரும்பு கலந்த உலோகம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதில் கலந்துள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலமாக மூடிக்கொள்வதால், இரும்பு வெளியே கரைந்து வருவதில்லை. சேலத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாகவே பார்க்கலாம்: இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலை, அதற்கு அருகே, துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்க 1981இல் தொடங்கிய சேலம் உருக்காலை.

சரி, மிச்சமிருக்கும் கறுப்பு முடியையும் வெளிரச் செய்ய வேண்டுமானால்? அப்போது வெளுப்புதான் வழி. 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடு இதற்குப் பயன்படுகிறது. பருத்தி நூலை வெளுக்கவும் இதே பொருள் உதவுகிறது. அம்மோனியா போன்ற காரம் செதில்களை விரியச் செய்ய, பெராக்சைடு உள்ளே புகுந்து மெலனினைச் சிதைக்கிறது. ஆனால் பருத்தி தாங்குகிற காரத்தைப் புரதம் தாங்காது. கெராட்டினைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளும் சிதைவதால் முடி சொரசொரத்து முறியும். வீட்டில் இதைச் செய்து பார்க்க நான் சொல்லமாட்டேன். முன்பு பூசிய சாயத்தில் உலோக உப்புகள் இருந்தால், பெராக்சைடு பட்டதும் சூடு கிளம்பி முடியே கருகக்கூடும்.

கடைச் சாயங்களின் கதை வேறு. 1907இல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் தயாரித்த செயற்கைச் சாயத்துக்குப் பிறகு இத்தொழில் பெரிதாக வளர்ந்தது. இன்றைய சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன் டயமின் என்னும் பொருள் இருக்கிறது; சுருக்கமாக பிபிடி. இதன் சிறிய மூலக்கூறுகள் முடிக்குள் நுழைந்து, ஆக்சிகரணம் அடைந்து, ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய நிறமூலக்கூறுகளாகின்றன. தனித்தனியே குறுகிய வாசலில் நுழைந்தவர்கள் உள்ளே கைகோத்து நின்றால் வெளியேற முடியுமா? அதுபோலத்தான் நிறம் உள்ளே தங்கிவிடுகிறது.

பிபிடி சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல், பின்னொரு தடவை இமைகள் வீங்கிக் கண்ணே திறக்க முடியாமல் போகலாம். ‘பத்து வருஷமாகப் போடுகிறேன், எனக்கு ஒன்றும் செய்யாது’ என்பது இங்கே செல்லாத வாதம். பழுப்பு நிறச் சாயம் கறுப்பைவிடச் சாது என்று நினைப்பதும் தவறு; அதிலும் பிபிடி இருக்கலாம். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் தூளில் இன்னும் கவனம் தேவை. மருதாணிக்குக் கறுப்பு நிறம் தரத் தெரியாது. கறுத்தால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

பிபிடி கலந்த சாயத்தின் அட்டையில், முன்சோதனை செய்ய வேண்டும், புருவத்திலும் இமைமுடியிலும் பூசக்கூடாது என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் எழுத்து எறும்பளவுக்கு இருக்கிறது. அப்பத்தாவுக்கும் அம்மாயிக்கும் கண் தெரியாது. படித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சாயத்தைக் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ ஒரு பொட்டு வைத்து, 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் அவருக்கு ஆகாது. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பல ஆண்டுகள் கறுப்புச் சாயம் பூசியவர், நாளைக்கே பழுப்புக்கு மாற முடியுமா? முடியாது. கறுப்பு நூலின்மேல் மஞ்சள் ஏறாத அதே கதைதான். பழைய கறுப்பு வெட்டப்பட்டு, புதிய நரை வளர வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஐந்து சென்டிமீட்டர் கிராப்பு வைத்திருக்கும் அப்பாவுக்கு ஐந்து மாதம் போதும். அறுபது சென்டிமீட்டர் கூந்தலுள்ள அம்மாயிக்கு எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.