முற்றம் இடுமுன்

கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை, முக்கோலாவைக் கடந்தபின் தார்ச்சாலையாக இல்லாமல் கான்கிரீட் சாலையாகவே காரோட்டை எட்டுகிறது. அதன் குறுக்கே சீரான இடைவெளியில் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும்; சுருங்கினால் எங்கேனும் வெடிக்கும். அந்த வெடிப்பு கோட்டிற்குள்ளேயே அடங்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பெருஞ்சாலைக்குரிய இவ்விதி வீட்டு முற்றத்திற்கும் பொருந்தும்.

முற்றம் என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. மழைக்காலத்தில் சேறாகும் முற்றத்தைத் தளமிட விரும்புவோர் சிலர் அச்சுக் கான்கிரீட்டை நாடுகின்றனர். ஈரம் காயாத கான்கிரீட்டின்மீது நிறப்பொடி தூவி, ரப்பர் அச்சுப் பாயை அழுத்தினால் கருங்கல் பாவியது போன்ற தோற்றம் கிடைக்கும். அச்சுக் கான்கிரீட்டை 1950களில் கலிஃபோர்னியாவில் வளர்த்தெடுத்தவர் பிராட் போமன் என்பவர். வீட்டாரின் கண் முதலில் அச்சின் வடிவத்தில்தான் விழும். செலவின் பெரும்பகுதியோ அச்சுக்கு அடியில் இருக்கிறது.

6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள முற்றம் ஒன்றை எடுத்துக்கொள்க. 10 செ.மீ. கனத்தில் தளமிட 2.4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்னும் கலவையில், கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட் செல்லும். சேதாரத்தையும் சேர்த்து 20 மூட்டை என வைத்துக்கொள்ளலாம். எம்-சாண்ட் ஏறத்தாழ 1 கன மீட்டர், ஜல்லி 2 கன மீட்டர். அடிமண்ணைச் சரியாக மட்டம் பார்க்காமல், தளம் 2 செ.மீ. கூடுதல் கனமாகிவிட்டால் ஏறத்தாழ 4 மூட்டை வீணாகும். மண்ணைத் திமிசுக்கட்டையால் இறுக்கும் கூலியை மிச்சம்பிடிப்போர் அதைவிடக் கூடுதலாகச் சிமெண்டுக்கு இழப்பர்.

பணத்தைப் போலவே நாளையும் கணக்கிட வேண்டும். காரோட்டில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே சனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. கான்கிரீட் இறுகிவிட்டால் அச்சு பதியாது. மிக இளகியிருந்தால் அச்சு அமிழ்ந்துவிடும். எனவே கொத்தனாரும் உதவியாட்களும் பாய்களும் கலவை கொட்டும் முன்பே வந்திருக்க வேண்டும். (தமிழில் கொத்தனார் எனப்படுபவரைக் கேரளத்தில் மேஸ்திரி என்பர்.) ஒரு நாளுக்குள் இரண்டரை மீட்டர் அளவு இடைவெளியில் கோடுகளை வெட்டிவிட வேண்டும். பின்னர் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டாயின் 10 நாள், ஈரம் போகாமல் காக்க வேண்டும்.

கிணறு உள்ள வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 24 சதுர மீட்டர் முற்றத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 240 லிட்டர் நீர் சேரும். 15 லிட்டர் குடத்தால் 16 குடம். தளமிட்டபின் அந்நீர் மண்ணிற்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். 4 மீட்டர் அகலத்திற்கு 8 செ.மீ. வாட்டம் கொடுத்து, ஓரத்தில் பரற்கல் நிரப்பிய சிறு பள்ளம் அமைத்தால் அது கிணற்றுப் பக்கமே ஊறும். மேலே பூசும் மெருகு மழையில் வழுக்கும். முதியோர் உள்ள வீட்டில் வழுக்காப்பொடி கலந்தே பூச வேண்டும். அம்மெருகை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியிருப்பதைப் பலர் செலவேட்டில் எழுத மறந்துவிடுகின்றனர்.

பயிற்சி

1. பொருள் அறிக: வாட்டம் – சரிவு; சேதாரம் – வீணாகும் அளவு; பரற்கல் – சிறு கூழாங்கல்.

2. சிமெண்ட் மூட்டையின் விலையையும் கொத்தனாரின் நாட்கூலியையும் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் கேட்டு எழுதுக. ஏற்றுகூலியையும் வண்டி வாடகையையும் சேர்த்தபின் எவ்வூரில் வாங்குவது நன்று?

3. உம் வீட்டு முற்றத்தை அளந்து, செலவேடு ஒன்றைத் தமிழில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுக. அவர்கள் சேர்க்கச் சொன்ன செலவுகளை வேறு மையால் எழுதுக.