பட்டா உங்களுடையது, மரமும் உங்களுடையதா?

மதுக்கரை 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. தோட்டங்கள் சைட்டுகளாகிக்கொண்டிருக்கின்றன. மனையில் நிற்கும் வேம்பையும் பனையையும் வெட்டலாமா, யாரிடம் கேட்பது என்று விசாரித்தால் ஊரில் கிடைக்கும் பதில்கள் பலவும் ஆபத்தானவை.

நம்பிக்கை: "என்ற எடத்துல நிக்கற மரம். யாருங்க கேக்கறது?"

உண்மை: வேம்பு, புங்கன் போன்றவற்றுக்கு இது பெருமளவு சரிதான். கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் டெல்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் இடத்து மரத்துக்கும் அனுமதி கேட்கின்றன. தமிழ்நாட்டு நகரங்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இதை உரிமை என்று கொண்டாட எனக்கு மனமில்லை. பெரிய குறை என்றே சொல்வேன்.

ஆனால் எல்லா மரமும் வேம்பு அல்ல. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. சந்தனத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கத் தடையில்லை; வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். தேக்கை வெட்டி லாரியில் ஏற்றினால் மரத்தைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கிராமங்களுக்கு 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியே உண்டு. மலையடிவாரத்தில் இடம் வாங்கியவர்கள் தங்கள் கிராமம் எந்தப் பட்டியலில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: "வேலியோரத்து மரம் தாத்தா காலத்துல இருந்து எங்களுது."

உண்மை: அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கு நடுவே இட்டேரிகள் என்னும் தடங்கள் ஓடின. இருபுறமும் உயிர்வேலி, அதில் வேம்பு, வேலம், ஆலம். வேலியை நாம் பராமரித்ததால் மரமும் நமது என்று பழகிவிட்டோம். கிராமக் கணக்கில் அந்தத் தடம் புறம்போக்கு என்றிருந்தால், அடிமரம் நிற்கும் மண் அரசுடையது. அங்கே வரி கட்டி, 2சி பட்டா என்னும் மரப்பட்டா வைத்திருப்பவருக்குக்கூட காய், கனி போன்ற மகசூல்தான் உரிமை; மரத்தைச் சாய்க்கும் உரிமை அதில் இல்லை. அரசு நிலத்து மரங்களுக்காகவே 2021இல் ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. எனவே நகராட்சியில் ஒரு மனு கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும் சரியல்ல. சந்தேகம் இருந்தால் புலப்படத்தோடு சர்வேயரை வைத்து அளந்து, அளவுக்கல்லைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நிழல் எங்கே விழுகிறது, கிளை யார் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

நம்பிக்கை: "பக்கத்து வீட்டு மரம் விழுகிற மாதிரி இருந்தா நாமே ஆள் விட்டு வெட்டிரலாம்."

உண்மை: உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையை எல்லை வரை நறுக்கலாம், நீதிமன்றங்கள் ஏற்ற உரிமை அது. அடிமரத்தில் கை வைக்கக் கூடாது. ஆபத்து உண்மையானால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, விழுந்து ஆளுக்குக் காயம் விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே ஏற்பாடு 133ஆம் பிரிவாக இருந்தது.

நம்பிக்கை: "ஈ.பி. லைனுக்காக வெட்டினா ஒண்ணும் கேக்க முடியாது."

உண்மை: கேட்கலாம். கம்பி வருவதற்கு முன்பே நின்ற மரத்தை நிர்வாக நடுவரின் உத்தரவுப்படி அகற்றினால் இழப்பீடு உண்டு என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவு.

அனுமதியே தேவைப்படாத மரமானாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்றே வரையறுக்கிறது. ஆள் கூப்பிடும் முன் கிளைகளை நிமிர்ந்து பாருங்கள். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அவை பறந்து போகும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.