குண்டு பெரிதா, குறி பெரிதா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

யானையை வீழ்த்த எத்தகைய துப்பாக்கி வேண்டும்? பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு என்றே நானும் எண்ணியிருந்தேன். நம் வகுப்புப் பாடத்தைக் கொண்டு கணக்கிட்ட பிறகு அவ்வெண்ணம் மாறியது.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க யானை வேட்டையில் பயன்பட்ட .577 துப்பாக்கியின் குண்டு சுமார் 48 கிராம். வேகம் நொடிக்கு 625 மீட்டர். 7 மி.மீ. துப்பாக்கியின் குண்டு 11 கிராம். வேகம் 700 மீட்டர். முன்னதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9,400 ஜூல். பின்னதற்கு 2,700 ஜூல் மட்டுமே.

ஆயினும், ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954) தாம் வீழ்த்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளுள் பெரும்பாலானவற்றை 7 மி.மீ. துப்பாக்கியாலேயே சுட்டார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்கும் இடத்தை அவர் முன்பே அறிந்திருந்தார். நீண்டு ஒல்லியான குண்டும் எலும்பைத் துளைத்து நேராகச் சென்றது.

இனி, சுடுபவரின் தோளைப் பார்ப்போம். குண்டின் உந்தத்துக்குச் சமமான உந்தத்துடன் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டால், 6 கிலோ எடையுள்ள .577 துப்பாக்கி 75 ஜூல் ஆற்றலுடன் தோளைத் தாக்குகிறது; 4 கிலோ எடையுள்ள 7 மி.மீ. துப்பாக்கி 7.4 ஜூல் ஆற்றலுடன் தாக்குகிறது. பத்து மடங்கு வேறுபாடு! என்.சி.சி. முகாமில் உதைப்பே அதிகமில்லாத .22 துப்பாக்கியை முதன்முதலாகச் சுட்டபோதே நான் கண்ணை மூடிக்கொண்டேன், குறி தவறியது. .577 என்றால் என் கதி என்ன?

அப்படியானால் சிறிய காலிபரே அனைவருக்கும் போதுமா? போதாது. பெல்லின் கைத்திறன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குமாவூன் பகுதியில் 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவர் எழுதியுள்ளார். அதன் வலப்புறக் கோரைப் பற்கள் முன்பு யாரோ சுட்ட குண்டினால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரை நாடியது. குறி தவறிய ஒரு குண்டுக்கு விலை கொடுத்தவர்கள், விறகும் தழையும் பொறுக்கச் சென்ற ஏழை மக்கள்!

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை போன்ற விலங்குகளுக்கு .375 காலிபரே குறைந்த அளவு எனச் சட்டம் வகுத்திருப்பதன் பொருள் இப்போது புரிகிறது. அந்த அளவுக்குக் குறையாமலும், சுடுபவர் அஞ்சாமல் குறிபார்க்கக் கூடிய அளவுக்கு மிகாமலும் உள்ளதே தகுந்த காலிபர்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வேட்டைக்கு முடிவு கட்டியது. அது நன்றே. எனினும், ஆற்றல் மிகுதி மட்டும் வெற்றி தராது என்னும் பாடம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதே.