வேகம் குறைந்த கையின் 25 சீசன்கள்

1992 மார்ச்சில் ஜேமி மோயருக்கு வேலை இல்லை. வயது 29. இடதுகைப் பந்துவீச்சாளர். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அதுவரை அவர் கணக்கில் 34 வெற்றி, 54 தோல்வி. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 1990-இல் அனுப்பிவிட்டது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அடுத்த ஆண்டு அனுப்பிவிட்டது. இப்போது சிகாகோ கப்ஸும் கைவிரித்தது. கூடவே ஒரு வேலையும் தருவதாகச் சொன்னது: பந்து வீச வேண்டாம், பயிற்சியாளராக இருங்கள்.

அவர் மறுத்தார். ஒரு படி கீழே, மைனர் லீகில் டொலீடோ அணிக்குப் போய்ப் பந்து வீசினார். அதன்பின் மேஜர் லீகில் அவர் சேர்த்த வெற்றிகள் 235.

இதை விடாமுயற்சி என்று சொல்லி முடித்துவிட்டால் வேலை தேடும் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. விடாமல் முயன்று மைனர் லீகிலேயே ஓய்ந்துபோனவர்கள் ஏராளம். மோயர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். பெரிய இடத்தில் ஓரமாக ஒரு நாற்காலி, சின்ன இடத்தில் தன் சொந்தத் தொழில், இரண்டில் அவர் எடுத்தது பின்னது. அந்த சீசனில் டொலீடோவில் 10 ஆட்டங்களை வென்றார். கை இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அவருக்குக் கிடைத்த சான்று அது. படியிறங்குவதானால் இப்படி இறங்குங்கள்: உங்கள் வேலையையே தினமும் செய்யக் கிடைக்க வேண்டும், ஒரு சீசனுக்குள் விடை தெரிந்துவிட வேண்டும்.

இதற்குக் கையில் பணம் வேண்டும். 2023 ஒப்பந்தப்படி மைனர் லீகின் மேல்படியான ட்ரிப்பிள் ஏ-யில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகில் 7,20,000. ஒரே ஒரு படி, இருபது மடங்கு வித்தியாசம். நல்ல சம்பளம் வரும்போதே அதற்குப் பழகிவிடாமல் சேமித்தவரால்தான் கீழே இறங்கித் தன்னைச் சோதித்துப் பார்க்க முடியும்.

அடுத்தது, கையில் உள்ள சரக்கு. மோயரின் ஃபாஸ்ட்பால் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர்தான். மற்றவர்கள் சர்வசாதாரணமாக 145-ஐத் தாண்டுவார்கள். அவரிடம் இருந்தது சேஞ்ச்அப், கிரிக்கெட்டில் நாம் சொல்லும் ஸ்லோயர் பால். கை சுழலும் வேகம் அப்படியே இருக்கும். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடிப்பதால் அது தாமதித்து வரும். அடிப்பவர் கையை நம்பி மட்டையைச் சுழற்றிவிடுவார். பந்து இன்னும் வந்துகொண்டிருக்கும். முதலில் வீசிய ஃபாஸ்ட்பாலும் அதனாலேயே வேகமாகத் தெரியும். உங்களிடம் இல்லாததைச் சரிக்கட்ட ஆண்டுக்கணக்கில் ஓடாதீர்கள். இருப்பதில் எது அடுத்தவரைத் தடுமாற வைக்கிறதோ அதில் நேரத்தைப் போடுங்கள்.

மனத்துக்கும் அவர் பயிற்சி எடுத்தார். ஹார்வி டார்ஃப்மன் என்ற விளையாட்டு உளவியல் பயிற்சியாளரிடம் போனார். “மேலே போட்டுவிடக் கூடாதே” என்ற பயத்தை விட்டு, “தாழ்வாகப் போடு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பழக்கம் அங்கே கற்றது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் எவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன்.

மேஜர் லீகுக்குத் திரும்பிய பிறகு, 1996 நடுவில், பாஸ்டன் அணி அவரை சியாட்டில் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. பாஸ்டனில், ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசும் தொடக்க வீச்சாளராகப் பாதி வேலை, சியாட்டிலில் முழு வேலை. அங்கே 38 வயதில் 20 வெற்றி, 40 வயதில் 21. பிறகு பிலடெல்பியா, 2008-இல் 45 வயதில், மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஓர் ஆட்டத்துக்குத் தொடக்க வீச்சாளராக இறங்கினார், அணி கோப்பையை வென்றது. மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) கொடுத்தவரும் இவர்தான்: 522. அத்தனை அடி வாங்க வேண்டுமென்றால் அத்தனை ஆண்டுகள் களத்தில் இருந்திருக்க வேண்டும். உங்கள் பணிக்குறிப்பில் உள்ள சறுக்கல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முழங்கை அறுவை சிகிச்சையால் 2011 முழுதும் வீணானது. 2012 ஏப்ரலில் கொலராடோவுக்காக, 49 வயதில், மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தை வென்ற மிக மூத்த வீச்சாளரானார். மே மாத இறுதியில் அந்த அணியும் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவர் மறுபடி மைனர் லீகுக்குப் படியிறங்கினார், முதலில் நார்ஃபோக், பிறகு லாஸ் வேகாஸ். லாஸ் வேகாஸில் அடி பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மேஜர் லீகுக்குத் திரும்பவில்லை.