முதல் புத்தகத்தை வாங்கும் முன்

கண்ணு, பிடிஎஸ்எம் பற்றிப் படிக்க என்ன புத்தகம் வாங்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாய். செய்வதற்கு முன் படிக்க நினைத்தாயே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. வளர்ந்த இருவர் மனமொத்து, ஒருவர் ஆளவும் ஒருவர் அடங்கவும் பேசி வைத்துக்கொள்ளும் உறவு இது. அதற்கு நிதானம் வேண்டும்.

1. நாவலைக் கையேடாக எடுத்துக்கொள்ளாதே. 2011இல் வந்த ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ஆனாலும், 1870இல் சாஹர்-மாசோக் எழுதிய ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ஆனாலும் கதையாகவே படி. கதையில் ஒருவர் மனதை மற்றவர் தானாகவே அறிந்துகொள்வார். உன் வீட்டில் வாய்விட்டுக் கேட்காமல் எதுவும் தெரியாது.

2. எழுதியவர் எதை வேண்டாம் என்கிறார் என்று பார். ‘எஸ்எம் 101’ எழுதிய ஜே வைஸ்மன் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். மூச்சை அடைக்கும் விளையாட்டை ஆபத்தில்லாமல் செய்ய வழியே இல்லை என்று அடித்துச் சொன்னவர். இப்படித் தடுத்து நிறுத்தும் மனுஷரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வா.

3. எதிர்ப்பக்கத்தை முதலில் படி. டோசி ஈஸ்டனும் ஜேனட் ஹார்டியும் சேர்ந்து ஆள்பவருக்கு ஒன்று, அடங்குபவருக்கு ஒன்று என்று இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள்: ‘தி நியூ டாப்பிங் புக்’, ‘தி நியூ பாட்டமிங் புக்’. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் முதலாவதை மட்டும் கரைத்துக் குடித்தான். முடிச்சுகள் அத்தனையும் அத்துப்படி. கட்டப்பட்டிருந்தவளுக்கோ விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. சொன்னால் அவன் முகம் வாடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டாவதைப் படித்த பிறகுதான் அந்த மௌனம் அவனுக்குப் புரிந்தது. இப்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை தன் விரலை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொல்கிறான். பிடி தளர்ந்தால் கட்டை அவிழ்த்துவிடுகிறான். முனை மழுங்கிய கத்தரிக்கோல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டிவிட்டு அறையை விட்டு நகர்வதில்லை.

4. பொருளடக்கத்தைப் புரட்டு. சாட்டையும் கயிறும் வருவதற்கு முன் பேச்சு வர வேண்டும். எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே நிறுத்துவது, முடிந்த பின் போர்வையும் தண்ணீரும் கொடுத்து எப்படிப் பக்கத்தில் இருப்பது என்பதற்கெல்லாம் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா? பல கையேடுகளில் ‘சரி, வேண்டாம், யோசிக்கலாம்’ என்று குறிக்க ஒரு பட்டியல் இருக்கும். அதை இரண்டு பிரதி எடு. தனித்தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு சேர்த்து வைத்துப் பாருங்கள். ‘யோசிக்கலாம்’ என்பதை ‘சரி’ என்று வாசிக்கும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்கத் தெரியாதவர் இன்னொருவரை ஆளத் தகுதியில்லாதவர்.

5. உன்னை நோயாளி ஆக்கும் பழைய நூல்களைக் கண்டு மிரளாதே. மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 1886இல் எழுதியது அந்தக் காலத்துப் பார்வை. 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு, மனமொத்த ஈடுபாட்டை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. கடுமையான மனவேதனையோ, அன்றாட வாழ்க்கையில் பாதிப்போ, சம்மதமில்லாதவர்மேல் செய்வதோ இருந்தால்தான் நோய்க் கணக்கில் சேர்க்கிறது.

6. புத்தகத்தைக் காட்டி யாரையும் மடக்காதே. “இதிலேயே போட்டிருக்கிறதே” என்று துணையிடம் வாதாடினால் நீ படித்தது அத்தனையும் வீண். வேண்டாம் என்று சொல்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. நேற்று சம்மதித்துவிட்டு இன்று மறுத்தாலும் அப்படித்தான். முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்.