கடன் படாமல் கலியாணம்: நிச்சயமான பிள்ளைகளுக்கு 24 குறிப்புகள்

நிச்சயம் முடிந்த மறுநாளே ஒரு நூறு பக்கக் கொப்பி வாங்குங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து எழுதுகிற முதல் கொப்பி அதுவாக இருக்கட்டும். எங்கள் மட்டக்களப்புச் செங்கலடிப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டையும் வளவையும் கொடுத்து முடிக்கவே பாதி ஆயுள் போய்விடுகிறது. அதற்கு மேல் கலியாணச் செலவும் கடனாக ஏறினால், புது வீட்டு வாசலில் முதலில் வந்து நிற்பவர் கடன்காரராகத்தான் இருப்பார். பல வருடங்களாகக் கலியாண வீட்டுக் குசினியில் நின்றவள் என்ற உரிமையில் இவற்றைச் சொல்கிறேன்.

காசும் நாளும்

1. முதலில் தொகை, பிறகுதான் திகதி. கையில் இருக்கிற காசு, உறுதியாக வரப்போகிற காசு இரண்டை மட்டும் எழுதுங்கள். சாப்பாடு, பந்தல் மணவறை, உடுப்பு நகை, போட்டோ வீடியோ என்று நாலாகப் பிரியுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் தனியே வையுங்கள். கடைசிக் கிழமையில் கை கொடுப்பது அந்தக் காசுதான்.

2. கலியாணத்துக்கென்று நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனால் எங்கள் ஊர்களில் எத்தனை பெண்கள் படாத பாடு பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காசு போதாவிட்டால் ஒரு நிகழ்வைக் குறையுங்கள். நிச்சயத்துக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என மூன்று பந்தல் தேவையில்லை.

3. மழையைப் பார்த்து மாதம் எடுங்கள். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெருமழை. கார்த்திகையிலிருந்து தை வரை வளவில் பந்தல் போடுவது துணிச்சலான வேலை. 2011இல் தையிலும் மாசியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. அந்த மாசியில் எங்கள் உறவுக்குள் நடந்த கலியாணத்தில் அடுப்புக்கு வெட்டிய கிடங்கில் தண்ணீர் ஊறிவிட்டது. பக்கத்து வீட்டு விறாந்தையில் கல் அடுக்கித்தான் சோறு வடித்தோம். மழைக்காலத்து முகூர்த்தம்தான் கிடைக்கிறது என்றால் மண்டபம் எடுங்கள். இல்லையென்றால் அடுப்படிக்கு மேடான இடமும் கூரையும் முதலிலேயே பாருங்கள்.

4. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த பின் வருகிற முகூர்த்தம் நல்லது. கையில் காசும் வீட்டில் நெல்லும் இருக்கும் காலம் அது. சொந்த வயல் நெல்லைக் குத்தி எடுத்தால் அரிசிச் செலவும் குறையும்.

5. வைகாசியில் நாள் வைக்க முன் ஊர்க் கண்ணகி அம்மன் சடங்கு எப்போது என்று கேளுங்கள். கோயில் கதவு திறந்ததிலிருந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரே கோயிலில் நிற்கும். உறவினர்கள் விரதத்தில் இருப்பார்கள், உதவிக்கும் ஆள் கிடைக்காது. ஆவணியில் என்றால் சித்தாண்டி முருகன் கோயில் திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கலண்டரில் போயா தினங்களைச் சிவப்பால் வட்டமிடுங்கள். அன்று இறைச்சிக் கடை திறக்காது. மரக்கறி விருந்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு இறைச்சிக் கறியோடு சாப்பாடு கொடுக்க நினைத்திருந்தால் திட்டமே மாறிவிடும்.

பத்திரமும் உடல்நலமும்

7. பதிவுத் திருமணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்துப் பதிந்த பிறகு 12 நாள் கழிய வேண்டும், 3 மாதத்துக்குள் திருமணத்தை முடிக்கவும் வேண்டும். இருவரும் வெவ்வேறு பதிவாளர் பிரிவில் இருந்தால் இரண்டு பக்கமும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வீட்டிலோ மண்டபத்திலோ பதிவு செய்வதானால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் கூடுதல் பத்திரம் கேட்பார்கள், மூன்று மாதம் முன்னரே விசாரியுங்கள்.

8. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் "ன", மற்றதில் "ண" என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். அந்தப் பிழை விவாகச் சான்றிதழில் ஏறினால் கடவுச்சீட்டு, பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

9. இருவரும் தலசீமியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பார்வைக்கு நல்ல சுகமாக இருப்பவரும் அந்த நோயின் காவியாக இருக்கலாம். ஒருவர் மட்டும் காவி என்றால் பிள்ளைக்கு நோய் வராது. இருவருமே காவிகள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மச்சான் மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் கட்டுகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். சாதகப் பொருத்தம் பார்க்கிற அன்றே இதையும் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. கலியாணம் முடிந்ததும் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதியுங்கள். கர்ப்பம் தரிக்க முன்னரே எடுக்க வேண்டிய போலிக் அமில மாத்திரை பற்றி அவர் சொல்வார்.

11. சீதனமாக வருகிற வீட்டின் உறுதியைக் கண்ணால் பாருங்கள். காணி வாய்ச் சொல்லில் கைமாறாது, நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். பதுளை வீதிப் பக்கக் காணிகள் பல அரச அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் எழுதிக் கொடுக்க முடியாது. பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு முதலில் போங்கள், மேளத்துக்கான முற்பணத்தைப் பிறகு கொடுக்கலாம்.

12. மாப்பிள்ளை யாழ்ப்பாணமா? தேசவழமைச் சட்டம் பொருந்தும் ஒருவரைக் கலியாணம் செய்தால், அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை மனைவிக்கும் அதுவே பொருந்தும். தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டிவரும். மட்டக்களப்பில் பொதுச்சட்டத்தின் கீழ் வாழும் பெண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உறுதி முடிக்க முன் சட்டத்தரணியோடு ஒரு மணித்தியாலம் இருந்து பேசுங்கள்.

13. ஒரு பவுண் என்பது 8 கிராம். நகையை ஒரே நாளில் வாங்காமல் மாதத்துக்கு மாதம் வாங்கி, நிறையும் தரமும் செய்கூலியும் தனித்தனியாக எழுதிய பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். பொன்னுருக்க நல்ல நாள் பார்க்கும்போதே தாலி செய்கிறவரிடம் தவணையும் பேசிவிடுங்கள்.

அழைப்பும் பந்தியும்

14. பெயர்ப் பட்டியலை மூன்று நிறத்தில் எழுதுங்கள். கட்டாயம் வருபவர், வரக்கூடியவர், வாழ்த்து அனுப்புகிறவர். முதல் இரண்டையும் கூட்டி வருவதுதான் பந்திக் கணக்கு. மூத்தவர்கள் வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் அனுப்பிய அழைப்பு பெரியப்பாவுக்கு அழைப்பாகாது.

15. ஒரு கிலோ அரிசி ஏழு எட்டுப் பேருக்குப் போதும். 200 பேருக்கு 25 முதல் 28 கிலோ. ஒரே தடவையில் வடிக்க வேண்டாம். முதலில் மூன்றில் இரண்டு பங்கை வடித்து, முதற் பந்தி எழும்பும்போது இலைகளைப் பாருங்கள். சோறு மிஞ்சிக் கிடந்தால் இரண்டாவது கிடாரத்தில் அரிசியைக் குறையுங்கள். இலை வழித்துக் கிடந்தால் முழுவதையும் போடுங்கள். பந்தி நடத்துகிறவருக்கு இலைதான் கணக்குப்பிள்ளை.

16. எருமைத் தயிர் இல்லாமல் மட்டக்களப்பில் பந்தி நிறையாது. சட்டித் தயிருக்குக் குறைந்தது ஒரு கிழமை முன்னர் சொல்லுங்கள். பால்காரரும் ஒரே நாளில் சேர்க்க முடியாது. வாங்கும்போது ஒரு சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாமல் நிற்கும், ஓரத்தில் தண்ணீர் பிரியாது. வெயில் ஏறமுன் இறக்கி, நிழலில் ஈர மணலைப் பரப்பி அதன் மேல் சட்டிகளை அடுக்கினால் கடைசிப் பந்திவரை புளிக்காது.

17. வாழை இலையிலேயே பரிமாறுங்கள். ஒரு தடவை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்ரிக் மாலை ஆகியவை 2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை. எறிந்தவை வாவியில்தான் போய்ச் சேரும், அந்த வாவியின் மீனைத்தான் நாங்கள் உண்கிறோம். தண்ணீருக்குச் செம்பு, குவளைகளைக் கோயிலிலோ சங்கத்திலோ வாடகைக்குக் கேளுங்கள்.

18. மிஞ்சிய சாப்பாடு எங்கே போகும் என்று முதல் நாளே முடிவெடுங்கள். பக்கத்து முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ முன்கூட்டிச் சொல்லி, மூடியுள்ள பாத்திரமும் ஒரு ஓட்டோவும் ஒழுங்கு செய்தால், சூடு ஆறமுன் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அழகும் ஒலியும்

19. அலங்காரத்துக்குத் தூரத்துப் பூ வேண்டாம், எங்கள் மண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. வாசலில் குலையோடு வாழை, மேலே குருத்தோலைத் தோரணம், மணவறைத் தூணில் நெற்கதிர்க் கட்டு, நிறைகுடத்தின் பக்கத்தில் குளத்துத் தாமரை. குருத்தோலையை முதல்நாள் பின்னேரம் வெட்டி ஈரச் சாக்கால் சுற்றி வையுங்கள். ஈர்க்கிலிருந்து கிழித்து மடிக்கும்போது உடையாது, மறுநாள் மதியம்வரை அந்த இளமஞ்சள் நிறம் மாறாது. தாமரை மொட்டு வாங்கினால் வெளி இதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து விடுங்கள். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு.

20. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். 2007இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அனுமதி கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இடம் கொடுங்கள். குரவை போடத் தெரிந்த ஐந்தாறு அம்மம்மாமாரை மணவறைக்குப் பக்கத்தில் இருத்துங்கள். கெட்டிமேளத்தோடு குரவை எழும்பினால்தான் அது மட்டக்களப்புக் கலியாணம். பேத்திமாரும் அன்றைக்கே பழகட்டும்.

21. படம் எடுக்கத் தூர ஊருக்குப் போகத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் சூரியன் கடலில் உதித்து வாவிப் பக்கம் மறைகிறது. காலை 8 மணிக்கு முன் பாசிக்குடா, பின்னேரம் 4.30க்குப் பின் பழைய கல்லடிப் பாலம். இடையில் நேரமிருந்தால் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய மட்டக்களப்புக் கோட்டை. சொந்த வயல் வரம்பில் இருவரும் நடந்து போகிற ஒரு படமும் எடுங்கள், இருபது வருடம் கழித்து அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

வருவோரும் தருவதும்

22. வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலை காட்டுவதானால் நேரத்தைக் கணக்கிட்டு எழுதி அனுப்புங்கள். வைகாசி, ஆனியில் இங்கே காலை 10 மணி என்றால் இலண்டனில் 5.30, ரொறன்ரோவில் நள்ளிரவு 12.30. கார்த்திகை முதல் மாசிவரை அங்கே இன்னும் ஒரு மணித்தியாலம் பின்தங்கும். வெளியூரிலிருந்து பதுளை வீதியால் வருகிறவர்களைப் பொழுதுபட முன் செங்கலடிச் சந்திக்கு வந்துவிடச் சொல்லுங்கள், அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு.

23. வந்தவர்களுக்குக் கொடுக்கிற பை ஊர்க் கைவேலையாக இருக்கட்டும். சின்னப் பனையோலைப் பெட்டியில் கொஞ்சம் பனங்கற்கண்டு, நெருங்கியவர்களுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரமோ துவாயோ. பெட்டி வீட்டில் நிற்கும், காசும் இழைக்கிற பெண்ணின் கையில் சேரும்.

24. முதல்நாள் இரவு ஒரு தகரப் பெட்டியில் தாலி, கூறை, தலைப்பா, மெட்டி, மஞ்சள், குங்குமம், கற்பூரம், தீப்பெட்டி, ஊசி நூல், சட்டை ஊசி, கத்தரிக்கோல், சில்லறைக் காசு எல்லாவற்றையும் அடுக்குங்கள். மூடியின் உட்பக்கம் பட்டியலை ஒட்டி, சாவியை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அவர் ஓடியாடித் திரியாத மாமியாக இருந்தால் நல்லது. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கற்பூரம் தேடி வீடு முழுக்க ஓடிய கலியாணங்களை நான் கண்டிருக்கிறேன்.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து கொப்பியைத் திறவுங்கள். யார் என்ன அன்பளிப்புத் தந்தார்கள் என்று எழுதுங்கள், அவர்கள் வீட்டு நல்ல காரியத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். கொடுக்க வேண்டிய மிச்சக் காசை அந்தக் கிழமையே கொடுத்து முடித்துக் கணக்கின் கீழே கோடு போடுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் இவ்வளவு நாளும் வெறுமையாக விட்டிருங்கள். அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய், பஸ் காசு என்று உங்கள் முதல் மாதக் குடும்பக் கணக்கு அங்கே தொடங்கட்டும். அந்தப் பக்கத்தில் கலியாணக் கடன் என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், உங்கள் கலியாணம் நன்றாக நடந்தது என்று அர்த்தம்.